அறிபுனைப் படங்களின் பெண்கள்: உங்களை விடாமல் துரத்தும் ஒரே ஒரு காட்சி?

ராத்திரிப்பறவை
ஏலியன் படங்களின் நாயகி, விண்கப்பல் அதிகாரி ரிப்ளி யார் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 'ஏலியன்ஸ்' (1986) படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன், எல்லாமே தியேட்டருக்கு வந்த 137 நிமிட வடிவம். போன மாதம்தான் 154 நிமிட வடிவம் கையில் கிடைத்தது. 57 வருடம் உறைதூக்கத்தில் கிடந்து திரும்பியவள், சுவர்த்திரையில் ஓடும் பொய்க் காட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மகளைப் பற்றிக் கேட்கிறாள். ஒரு கிழவியின் படத்தைக் கொடுக்கிறார்கள். மகள்தான். 66 வயதில் போய்விட்டாள். பதினோராவது பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய அம்மா இவள். நியூட் என்ற அநாதைச் சிறுமியைத் தேடி அவள் மறுபடி ஜந்துக்களின் கூட்டுக்குள் இறங்குவது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. இதைப் போய் வெட்ட எப்படி மனசு வந்தது?

கறுப்புக்குடை
வெட்டியதே நல்லது என்பேன். ஒரு பெண் துணிய வேண்டுமென்றால் செத்துப்போன மகள் ஒருத்தி இருந்தே ஆக வேண்டுமா? என்னைப் பிடித்துக்கொண்டது முதல் படமான 'ஏலியன்' (1979) படத்தின் கதவுக் காட்சி. முகத்தில் ஜந்து ஒட்டிக்கொண்டவனைத் தூக்கிக்கொண்டு கேப்டனே வெளியே நின்று கத்துகிறார். 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும், திறக்க மாட்டேன் என்கிறாள் ரிப்ளி. கப்பலின் அறிவியல் அதிகாரி ஆஷ் திறந்துவிடுகிறான். நானும் வேலையில் ஒருமுறை விதியைச் சொல்லி 'இரக்கமில்லாதவள்' என்று பேர் வாங்கியவள்தான். நான் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தபோதும் யாரும் வந்து பேசவில்லை. அந்தத் திரைக்கதையில் எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்றே எழுதியிருந்தார்கள். அதனால்தான் ரிப்ளிக்குத் தாய்மை என்று ஒரு காரணம் தேவைப்படவில்லை.

அரைத்தூக்கம்
'ப்ரோமிதியஸ்' (2012). வயிற்றுக்குள் என்னவோ வளர்கிறது, நாயகி ஷா கப்பலில் இருக்கும் தானியங்கி அறுவை எந்திரத்துக்கு ஓடுகிறாள். சிசேரியன் என்று கேட்டால், இது ஆண்களுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது என்கிறது எந்திரம். தியேட்டரில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு அறுவையின் பேர் சொல்லி அதை ஏமாற்றி, தானே உள்ளே படுக்கிறாள்.

சும்மா_ஒருவன்
அது கதைக்கான துப்பு ஐயா. கப்பலில் ஒளித்துக் கூட்டிவந்த கிழவருக்காக வைத்த எந்திரம் அது. இதில் பெண்ணியம் எங்கே வந்தது?

அரைத்தூக்கம்
துப்பு என்பது எனக்கும் தெரியும். அந்த நிமிஷம் அவளுக்குத் தெரியுமா?

பழையபெட்டி
என் மகளுக்கு 'டெர்மினேட்டர் 2' போட்டேன், பாதியில் தூங்கிவிட்டாள். அதனால் ஒரு யோசனை. பிள்ளைகளுக்கு நேராக இரண்டாம் பாகத்தைப் போடாதீர்கள். முதலில் 1984 படம். அதில் நாயகி சாரா ஹோட்டலில் பரிமாறும் சாதாரணப் பெண், பயந்து ஓடுகிறாள். அதைப் பார்த்தால்தான் 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் கைகளுக்கு அர்த்தம் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஏலியன் வரிசைக்கும் இதே கதைதான், முதலில் தியேட்டர் வடிவம், நீள வடிவமெல்லாம் பிறகு. அப்புறம், பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். என் மகள் தூங்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

தாழ்வாரம்
எல்லோரும் அந்தக் கைகளைத்தான் சொல்கிறார்கள். என்னை உறுத்துவது அதற்குப் பிறகு, அடைத்து வைத்திருந்த மனநல மருத்துவமனையிலிருந்து மகன் வந்து மீட்க, தப்பித்துப் போகும் காரில். சாரா மகனை இழுத்து அணைக்கிறாள். அவனும் அணைப்பு என்றுதான் நினைக்கிறான். அவளோ தலை, முதுகு என்று தடவிக் காயம் தேடுகிறாள். இல்லை என்று தெரிந்ததும் ஏன் வந்தாய் என்று திட்டு. பையன் அழுகிறான். கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கூட வரும் மனித உருவ எந்திரம் கேட்கிறது.

சின்ன வயதில் சைக்கிளோடு விழுந்து வீட்டுக்கு வந்தபோது என் அம்மாவும் அப்படித்தான், முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓர் அறை கொடுத்தாள். அந்தப் படத்தை அவளோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். அந்தக் காட்சி வந்ததும் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனாள்.