ஊரடங்குக் காலத்துக் குடித்தனம்: எட்டுக்கட்டு வீட்டிலும் ஏன் மூச்சு முட்டியது?

பள்ளத்தூரான்:
கொரோனா ஊரடங்கில் கணவன் மனைவி சண்டை பெருகியதற்கு இடநெருக்கடியே காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கு அது பொருந்தாது. முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் நம்முடையவை. 2020 மார்ச் 25க்குப் பிறகு அங்கேயும் பேச்சுவார்த்தை அற்றுப்போன தம்பதிகளை எனக்குத் தெரியும்.

என் கட்சி இது: நம் குடித்தனம் தலைமுறைகளாகப் பிரிவில் பழகியது. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்பினார்கள். இன்று அது சென்னை, சிங்கப்பூர். ஆள் வெளியூரில், நிர்வாகம் வீட்டுப் பெண்ணான ஆச்சி கையில். ஊரடங்கு அந்த ஏற்பாட்டை ஒரே இரவில் குலைத்துவிட்டது. இதில் யார் மேலும் குற்றமில்லை.

கோட்டையூர் மருமகள்:
குற்றமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன் அண்ணே. பஸ் நின்றதும் வேலைக்கு வருகிற அம்மா நின்றுவிட்டார். சென்னையிலிருந்து கொழுந்தனார்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, இடைப்பலகாரம், இரவுக்கு மறுபடி பலகாரம் என்று அடுப்பு அணையவே இல்லை. இணையம் முகப்பில்தான் எடுக்கும் என்பதால் என் கணவர் மடிக்கணினியோடு அங்கேயே இருந்தார். சாப்பிட்ட தட்டும் அங்கேயே காயும். ஒட்டிப்போன பருக்கையை நகத்தால் சுரண்டிக் கழுவியபோது எனக்கு வந்த கோபம், அவர் பக்கத்தில் இருந்ததால் வந்ததா? பக்கத்திலேயே இருந்தும் எழுந்து வராததால் வந்தது.

சண்டை போடவும் இடமில்லை. வளவைச் சுற்றி அறைகள். ஒன்றில் குரல் உயர்ந்தால் நாலு பக்கமும் கேட்கும். மாமியார் காதில் விழக்கூடாது என்று விழுங்கிய வார்த்தைகள் இன்னும் என் தொண்டையில் இருக்கின்றன.

பள்ளத்தூரான்:
அதற்குத்தான் ஆச்சி, பெரியவர்கள் "வேறு வைத்தார்கள்". கல்யாணமான பிள்ளைக்கு அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு. மாமியார், மருமகள், ஓரகத்தி யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஊரடங்கில் எல்லோரும் ஒரே அடுப்பில் விழுந்ததே வினை. கொஞ்சம் விலகி இருந்தால்தான் அன்பு நிலைக்கும் என்பதை அறிந்து வீடு கட்டியவர்கள் நம் முன்னோர்.

காரைக்குடி கடைக்காரர்:
எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்தது. எனக்குத் துணிக்கடை. கடையடைத்து வீடு வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். கடை மூடியிருந்த அந்த வாரங்களில்தான் என் மனைவிக்கு இடது தோள் வலி இருப்பதே எனக்குத் தெரிந்தது. கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும் என்று அவளிடம் கற்றுக்கொண்டேன். வருமானம் போன கவலை இருந்தது, ஆனால் மனத்தாங்கல் இல்லை. ஊரடங்கையே வில்லனாக்காதீர்கள்.

ஆத்தங்குடி தங்கை:
மூன்று பேரும் வளவு வீட்டையும் கடையையும் பேசுகிறீர்கள். என் அக்கா புருஷன் ஆத்தங்குடித் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறையில் வேலை செய்பவர். கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கிற வேலை. இதை வீட்டிலிருந்து செய்ய முடியாது. பட்டறை மூடியது, கூலி நின்றது. ஒற்றை அறை வீட்டில் நாள் முழுக்க நாலு பேர்.

மதுக்கடை மூடியிருந்த வரை அரிசிக்காக மட்டும்தான் சண்டை. 2020 மே 7 அன்று நம் பக்கம் கடையைத் திறந்தார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் 16ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். அந்த வாரம் அக்காவின் தோடு அடகுக்குப் போனது. கேட்டதற்கு அடி விழுந்தது.

தேசிய மகளிர் ஆணையம் அந்த ஏப்ரலிலேயே புகார்கள் கூடுவதாகச் சொல்லி வாட்ஸ்அப் எண் அறிவித்தது. பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. எல்லாம் சரி. வீட்டில் இருந்த ஒரே போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. வழக்கமாக அக்கா எங்கள் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு அதற்கும் பஸ் இல்லை. "யார் மேலும் குற்றமில்லை" என்று அவளிடம் சொல்ல முடியுமா ஐயா?

பள்ளத்தூரான்:
கை நீட்டியவனுக்காக நான் வாதாட வரவில்லை தங்கச்சி. அது குற்றம், சட்டம் பார்க்கட்டும். நான் பேசுவது அடிதடி இல்லாத வீடுகளில் வந்த கசப்பைப் பற்றி. அதற்குத் தனி அடுப்புத்தான் மருந்து என்பதில் மாற்றமில்லை.

கோட்டையூர் மருமகள்:
தனி அடுப்பு வைத்தாலும் அதன் முன்னால் நிற்கப்போவது நான்தானே அண்ணே? கடைக்கார அண்ணன் வீட்டில் அடுப்பைப் பிரிக்கவில்லை, அவர் அடுப்படிக்குள் வந்தார். உங்கள் வீட்டு ஆண்கள் ஒரு வாரச் சமையலைத் தங்களுக்குள் எழுதிப் பிரித்துக்கொண்டு செய்யட்டும். தட்டையும் அவர்களே கழுவட்டும். அதன் பிறகும் கசப்பு மிஞ்சினால் வேறு வைப்பதைப் பேசுவோம்.