கிறிஸ்டியன்சன் குறைபாடு: கோவை, ஈரோடு பக்கம் யாருக்காவது அனுபவம் இருக்குங்களா?

வணக்கமுங்க. கோபியில் இருக்கும் என் அக்கா பையனுக்குப் பேச்சு வரவில்லை, நடை தள்ளாடுகிறது, வலிப்பும் உண்டு. பரிசோதனையில் எஸ்எல்சி9ஏ6 என்ற மரபணுவில் மாற்றம், அதனால் வரும் கிறிஸ்டியன்சன் குறைபாடுதான் இது என்று வந்திருக்கிறது. மூளைச் செல்லுக்குள் உள்ள சிறு பைகளிலிருந்து ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டு அமிலத்தை அளவாக வைக்கும் என்எச்இ6 புரதம் இந்த மரபணுவிலிருந்துதான் உருவாகிறது. அது இல்லாவிட்டால் பைகளில் அமிலம் கூடி, நரம்பு வளர்ச்சி கெடுகிறது. எக்ஸ் குரோமோசோம் சம்பந்தப்பட்டது என்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. குலதெய்வக் குத்தம் என்று சொந்தக்காரர்கள் அக்காவைப் பேசுவதைத் தாங்க முடியவில்லை.

இதே குறை உள்ள பிள்ளையை வளர்க்கிறவர்கள் இருந்தால் அக்காவோடு பேசுங்கள். கோவையிலோ ஈரோட்டிலோ நல்ல மரபணு ஆலோசகர், பேச்சுப் பயிற்சி தருபவர் தெரிந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். நானும் பரிசோதனை செய்துகொள்ள எங்கே போக வேண்டுமுங்க?