கார்ப்பல் டன்னல் அறுவை: காமிக்ஸ் ஸ்கிரிப்டை எப்படித் திட்டமிடுவது?

ரப்பர்காட்டுப்பேனா, சுங்கை சிப்புட்: மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படும் கோளாறுக்கு (கார்ப்பல் டன்னல்) அடுத்த மாதம் வலது கையில் அறுவை. புதிய தொடரின் முதல் இதழ் 22 பக்கம், பக்கத்துக்கு 5 கட்டம். ஓவியருக்கு எப்போது தருவதாகச் சொல்லலாம்?

மருந்துக்கட்டு: மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்தானே? சுண்டுவிரலும் மரத்துப்போனால் முழங்கை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கட்டை மட்டும் திறந்தால் அது தீராது.

அறுவை சின்னதுதான். உள்ளங்கையில் மரப்பு ஊசி போட்டு, நரம்பை அழுத்தும் தசைநாரை வெட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள், அன்றைக்கே விரல்களை மடக்கி நீட்டுங்கள். பயந்து அசைக்காமல் வைத்தால் விரல் இறுகிவிடும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். அதுவரை கட்டு நனையக்கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி வந்தால் உடனே மருத்துவமனை.

கட்டம்கட்டி: அறுவைக்கு முன்பே 22 பக்கத்துக்கும் ஒருவரிச் சுருக்கமும், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வரைய வேண்டும் என்ற விவரிப்பும் முடித்து ஓவியருக்கு அனுப்பிவிடுங்கள் தம்பி. அவர் பென்சில் வரைவதற்கு அது போதும். வசனத்தைப் பிறகு போனில் பேசிப் பதியலாம். குரல் தட்டச்சில் ஒற்றெழுத்து விட்டுப்போகும், பேச்சுவழக்கும் மாறிவிடும். திருத்த நேரம் ஒதுக்குங்கள்.

மருந்துக்கட்டு: பிடிபலம் திரும்பச் சில மாதம் ஆகலாம். முதல் வாரங்களில் 15 நிமிடம் தட்டச்சு செய்ததும் நிறுத்துங்கள்.