பூனைக் காப்பகத் தொண்டு: கூண்டு கழுவும் வரிசையும் சீறும் பூனையும்

நிலாமுற்றம்:
அடுத்த வாரம் முதல் ஒரு விலங்குக் காப்பகத்தின் பூனைப் பகுதியில் காலைநேரத் தன்னார்வலராகச் சேர்கிறேன். மொத்தம் 12 கூண்டுகள். இரண்டில் குட்டிகள், ஒன்றில் தும்மிக்கொண்டிருக்கும் பூனை. எதிலிருந்து தொடங்குவது, எதைக் கொண்டு கழுவுவது? புதிதாக வந்த ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது, கை நீட்டினால் சீறுகிறது. அதை வெளியே எடுக்காமல் சுத்தம் செய்ய வழி உண்டா?

சாம்பல்வால்:
முதலில் குட்டிகள், பிறகு நலமாக இருக்கும் பெரிய பூனைகள், தும்மும் பூனை கடைசி. அதைத் தொட்ட உடையோடு குட்டிகளிடம் திரும்பிப் போகவே கூடாது. கூண்டுக்கு ஒரு கையுறை, துடைக்கும் துணியும் தனித்தனி.

பயப்பட வேண்டியது பேன்லூகோபீனியாவுக்கு. அது பூனைகளின் பார்வோ வைரஸால் வரும் தொற்றுநோய். அந்த வைரஸ் தரையிலும் கம்பியிலும் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆல்கஹால் சானிட்டைசர் அதை ஒன்றும் செய்யாது, அதனால் கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். காலியான கூண்டுக்கு வீட்டு உபயோக பிளீச் (5–6 சதவீதம்) 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைப் போக்கி அலசிவிடுங்கள். மலமோ முடியோ ஒட்டியிருந்தால் பிளீச்சின் வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு பிளீச் கரைசலைத் தடவி 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, அலசி, நன்றாகக் காயவைக்க வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இந்த 10 நிமிடத்தில்தான், தெளித்த கையோடு துடைத்துவிடுகிறார்கள். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். சிறுநீர் தேங்கிய மணல் தட்டில் நேரடியாக ஊற்றினால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும்.

பினாயில், டெட்டால் போன்ற பீனால் வகைகள் பூனை இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். பூனையின் கல்லீரலால் அவற்றைச் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. பாதத்தில் பட்டதை நக்கினாலே விஷம்.

மியாவ்தோழி:
மேலே சொன்ன முழுக்கழுவல் பூனை கூண்டைக் காலி செய்த பிறகுதான். சீறும் பூனை உள்ளே இருக்கும்போது தினமும் எல்லாவற்றையும் மாற்றினால் அதன் வாசனை மொத்தமும் போய்விடும், பயம் இன்னும் கூடும். அந்தப் பதற்றமே உடலில் அடங்கிக் கிடக்கும் ஹெர்பிஸ் வைரஸைக் கிளப்பி, தும்மலைக் கொண்டுவரும். அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், பூனை தானாக உள்ளே போய்விடும். பெட்டியின் வாயைத் துண்டால் மறைத்துவிட்டு மணல் தட்டை அள்ளி, சிந்தியதைத் துடைத்து, தண்ணீர் மாற்றினால் போதும். அழுக்காகாத விரிப்பை அப்படியே விட்டுவிடுங்கள். உணவும் மணல் தட்டும் எதிரெதிர் மூலைகளில் இருக்கட்டும்.

முகத்துக்கு நேராகக் குனியாதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணை மெல்ல மூடித் திறந்தபடி, விரல் ஒன்றை மூக்கின் உயரத்தில் நீட்டுங்கள். அது முகர்ந்து கன்னத்தைத் தேய்த்தால் தாடையோரம் தடவலாம். காது படுத்து, வால் படபடவென்று அடித்தால் கையை எடுத்துவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

நிலாமுற்றம்:
மிக்க நன்றி. சாப்பிடாமல் இருந்தால் எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

மியாவ்தோழி:
நாள் கணக்கே கூடாது. 24 மணி நேரம் எதுவும் தொடவில்லையென்றால் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். சில நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகப் பருமனான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தும்மும் பூனைக்கு மூக்கடைப்பால் வாசனை தெரியாது, அதனாலேயே சாப்பிடாது. ஈர உணவை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

சாம்பல்வால்:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண் பூனை தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், மலச்சிக்கல் என்று விட்டுவிடாமல் அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்.

கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். பூனைப்பல் ஊசிபோல, கிருமி ஆழத்தில் இறங்கிவிடும், மேலே காயம் மூடிக்கொள்ளும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். அந்த நோய் பூனைக்கடியாலும் வரும்.