லைஃப் சர்டிஃபிகேட் பெயரில் சுற்றும் போலி ஏபிகே: ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்

வணக்கம். ஓய்வூதியர் உயிருடன் இருப்பதற்கான லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கும் நவம்பர் நெருங்கினாலே முன்னாள் படைவீரர் வாட்ஸ்அப் குழுக்களில் "இன்றே கடைசி, இல்லையேல் பென்ஷன் நிற்கும்" என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) வருகிறது. நிறுவி எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் ஓடிபி மோசடிக்காரனுக்குப் போய்விடும். அனுப்பியவர் பழைய ரெஜிமென்ட் தோழர் என்று நம்பிவிடுகிறார்கள். அவர் வாட்ஸ்அப் கணக்கே பறிபோயிருக்கலாம். பென்ஷன் திருத்தம் சரியா என்று கேட்டு பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நகலைக் குழுவில் போடுவது இன்னும் ஆபத்து. பிறந்த தேதி, வங்கி விவரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

எச்சரிக்கைத் தொகுப்பு ஒன்று தமிழில் தயாராகிறது. இப்படி வந்த செய்திகளை எண்களை மறைத்து ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்புங்கள். கோப்பை ஃபார்வர்ட் செய்யவே வேண்டாம். யாராவது நிறுவிவிட்டால் உடனே ஃப்ளைட் மோட். வேறு போனிலிருந்து சைபர் மோசடி உதவி எண் 1930, பிறகு வங்கி. கிராமத்து விதவை ஓய்வூதியர்களுக்கு நேரில் விளக்க வரக்கூடியவர்களும் சொல்லுங்கள்.