அவசரம்: கியர் விழவே மாட்டேங்குது

ஓட்டைவண்டி:
காலையில கிளம்பலாம்னு உக்காந்தா கார்ல கியர் விழவே இல்ல. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. ரெண்டு கையாலயும் தள்ளிப் பார்த்துட்டேன், அசையல. 11 மணிக்கு ஒரு இடத்துல இருந்தாகணும். யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

பழையஸ்பானர்:
எத்தனை வருஷத்து வண்டி? எவ்வளவு ஓடியிருக்கு? முதல்ல, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா?

மூணாவதுகியர்:
ஆட்டோமேட்டிக்னா பயப்படாதீங்க. பிரேக்கை மிதிச்சாத்தான் பார்க்கிங்ல இருந்து லிவர் நகரும். பிரேக் லைட் ஸ்விட்ச் போயிருந்தா, மிதிச்சது வண்டிக்கே தெரியாது. யாரையாவது பின்னாடி நிக்கவச்சு பிரேக் லைட் எரியுதான்னு பார்க்கச் சொல்லுங்க. எரியலைன்னா ஃபியூஸ், அடுத்து ஸ்விட்ச். நிறைய வண்டியில லிவர் பக்கத்துலயே சின்னதா ஒரு மூடி இருக்கும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டு, அதைத் திறந்து உள்ள அழுத்தினா பூட்டு விட்டுடும். எனக்கு ரெண்டு தடவை கைகொடுத்திருக்கு.

ஓட்டைவண்டி:
மேனுவல்தாங்க. கிளட்ச்னு சொன்னேனே.

பழையஸ்பானர்:
எங்க சொன்னீங்க? மேல போய் நீங்களே படிச்சுப் பாருங்க. சரி விடுங்க. இன்ஜினை அணைச்சுட்டுப் போட்டா கியர் விழுதா? பதில் வந்ததும் மிச்சத்தைப் பேசலாம்.

கிரீஸ்கை:
கிளட்ச் பிளேட் காலி. சந்தேகமே வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும் ப்ரோ.

தெளிவுரை:
கிரீஸ்கை அவர்களே, தலைவலின்னு ஒருத்தர் வந்தாலும் கிளட்ச் பிளேட்தான்னு எழுதுவீங்க போல. பிளேட் தேஞ்சா கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் அலறும், வண்டி வேகம் எடுக்காது. ஆனா கியர் தாராளமா விழும். கியரே விழலைன்னா, மிதிச்சும் கிளட்ச் இன்ஜினை கியர்பாக்ஸ்ல இருந்து பிரிக்கலையான்னுதான் முதல்ல பார்க்கணும். இந்த வித்தியாசம் பிடிபடாதவங்க சும்மா இருந்தாலே பெரிய உதவி.

கிரீஸ்கை:
என் வண்டியில பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிறது) விரல் உடைஞ்சு பிரியாமத்தான் நின்னுச்சு. அதுவும் கிளட்ச் செட்டுலதானே வருது, வாத்தியாரே?

ஓட்டைவண்டி:
அணைச்சுட்டுப் போட்டா அஞ்சு கியரும் வெண்ணெய் மாதிரி விழுது! ஸ்டார்ட் பண்ணினா முதல் கியர் உள்ளயே போகல, ரிவர்ஸ் கறகறன்னு கத்துது. கிளட்ச் பெடல் வேற தொளதொளன்னு இருக்கு. மிதிச்சா அடியோட போய் ஒட்டிக்குது, காலால தூக்கிவிட வேண்டியிருக்கு.

பழையஸ்பானர்:
இதை முதல் வரியிலயே எழுதியிருந்தா அரை மணி நேரம் மிச்சம். கியர்பாக்ஸ்ல கோளாறுன்னா அணைச்சாலும் அடம்பிடிக்கும். உங்களுக்கு கிளட்ச்தான் பிரியல. கம்பி இழுக்கிற கேபிள் கிளட்ச்சா, ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுற ஆயில் கிளட்ச்சா? ஆயில்னா பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்க. நிறைய வண்டியில ரெண்டுக்கும் ஒரே டப்பா. கிளட்ச்சுக்குப் போற குழாய் மேல இருக்கும், பிரேக்குக்கு வேண்டிய ஆயிலை அடியில ஒதுக்கி வச்சிருப்பாங்க. அதனால ஆயில் இறங்கினா முதல்ல காத்து வாங்குறது கிளட்ச்தான்.

அப்புறம் கிளட்ச் பெடலுக்கு மேல, மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரோட தண்டு வர்ற இடத்தை விரலால தடவுங்க. மிதியடியையும் தூக்கிப் பாருங்க.

ஓட்டைவண்டி:
டப்பாவுல ஆயில் ‘MIN’ கோட்டுக்கும் கீழ இருக்கு. மிதியடிக்கு அடியில ஈரம். குடைத்தண்ணின்னு நினைச்சு நாலு நாளா துணியால துடைச்சுட்டே இருந்தேன். இப்பத் தொட்டா விளக்கெண்ணெய் மாதிரி வழுக்குது. போன வாரம் வளைவுல திரும்புறப்ப மட்டும் டேஷ்போர்டுல சிவப்பு ஆச்சரியக்குறி எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுது. ஹேண்ட்பிரேக் சரியா இறங்கலைன்னு விட்டுட்டேன்.

பழையஸ்பானர்:
விடை கிடைச்சாச்சு. மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் சீல் போயிடுச்சு. அந்த விளக்கு ஆயில் குறைஞ்சாலும் எரியும். திரும்புறப்ப டப்பாவுல ஆயில் ஒருபக்கமா சாயும், அதான் அப்ப மட்டும் எரிஞ்சிருக்கு.

மூடியில டாட் 3, டாட் 4னு எந்த ரகம் போட்டிருக்கோ அதையே ஊத்துங்க. வேகவேகமா ஒரு இருபது தடவை கிளட்ச் பெடலை மிதிச்சா கொஞ்ச நேரத்துக்கு கியர் விழலாம். பிரேக் பெடலையும் மிதிச்சுப் பாருங்க, கல்லு மாதிரி நிக்கலைன்னா வண்டியை எடுக்கவே வேண்டாம்.

தெளிவுரை:
பிரேக் ஆயில் இல்லை, பிரேக் திரவம். ஆயில் ஆயில்னு சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் இன்ஜின் ஆயிலை ஊத்தி ரப்பர் சீல்களை ஊதவச்சிருக்காங்க.

மூணாவதுகியர்:
கடையில போய் ‘பிரேக் திரவம் குடுங்க’ன்னு கேட்டுப் பாருங்க சார், கஷாயம் எடுத்துக் குடுப்பாங்க.

தெளிவுரை:
சிரிக்கலாம். கிளைகால் சேர்மத்துல செஞ்சது, காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், பெயின்ட்ல பட்டா உரிச்சு எடுக்கும். ஆயில் இதெல்லாம் செய்யுமா? டாட் 5 மட்டும் சிலிக்கான், அதை இதோட கலக்கவே கூடாது. டாட் 5.1 வேற, அது கிளைகால்தான். பேரைச் சரியாச் சொல்றதுல என்ன நஷ்டம்?

கிரீஸ்கை:
எங்க பட்டறையில எல்லாரும் ஆயில்னுதான் சொல்றோம். இதுவரைக்கும் எந்த வண்டியும் கோவிச்சுக்கல.

மூணாவதுகியர்:
ரொம்ப அவசரம்னா, அணைச்சு வச்சே முதல் கியரைப் போட்டு அப்படியே ஸ்டார்ட் பண்ணுங்க. வண்டி குதிச்சுக் கிளம்பிடும்.

பழையஸ்பானர்:
தம்பி, அது நடு ரோட்டுல மாட்டினா ஓரம் கட்டுறதுக்கு. முன்னாடி சுவரோ ஆளோ இருந்தா என்ன ஆகும்? அதோட ஆயில் கசியுற வண்டியை ஊருக்குள்ள ஓட்டச் சொல்லாதீங்க. ஓட்டைவண்டி, பிரேக் எப்படி இருக்கு?

பழையஸ்பானர்:
ஆள் இருக்கீங்களா?

ஓட்டைவண்டி:
மூணு நாள் ஆச்சு, மன்னிக்கணும். அன்னிக்கு ஆட்டோவுலதான் போனேன். மாஸ்டர் சிலிண்டர் மாத்தி குழாய்ல இருந்த காத்தை எடுத்தாச்சு. கியர் விழுது. எல்லாருக்கும் நன்றி.

கிரீஸ்கை:
ஸ்லேவ் சிலிண்டரை (மாஸ்டர் தள்ளுற ஆயிலை வாங்கி கிளட்ச்சை இயக்குறது) பார்த்தாங்களா ப்ரோ? புது மாஸ்டர் போட்டதும் அழுத்தம் ஏறி பழைய ஸ்லேவ் கசிய ஆரம்பிக்கும். வெளிய மாட்டினதுன்னா ரப்பர் உறையைத் தூக்கினாலே தெரியும். உள்ள இருக்கிற வகைன்னா கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்.

தெளிவுரை:
வந்துட்டாரு, மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க. ஆனா இந்தத் தடவை சொல்றது சரிதான். பாருங்க.