சப்ஸ்டேஷன் இடம், குளத்து ஓடை, தண்ணித் தொட்டி மோட்டார்

அண்ணாச்சிமார், மதினிமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

ஆடியில் 12 நாள் ஊரில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் மஸ்கட் திரும்பினேன். களத்துமேட்டை ஒட்டிய புறம்போக்கை சப்ஸ்டேஷனுக்கு, அதாவது துணை மின்நிலையத்துக்கு, விடலாமா என்று நம்மூர்க் குழுவில் நடந்த பேச்சு முழுவதையும் படித்தேன். விடத்தான் வேண்டும். ஆனால் விடும்போதே மூன்று காரியங்களை எழுதி வாங்கிவிடணும், அப்புறம் கேட்டால் நடக்காது.

கூடங்குளம் பக்கத்தில் இருக்கு, தலைக்கு மேலே காற்றாலை சுற்றுது, நமக்கு எதற்கு இன்னொன்று என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கூடங்குளத்துக் கரண்ட் 4,00,000 வோல்ட்டில் போகிறது தம்பி. 2,30,000, 1,10,000, 33,000 என்று படிப்படியாக இறக்கி 11,000 ஆக்கினால்தான் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு வரும். அந்த 11,000 லைன் இப்போது எங்கேயோ தொலைவில் கிளம்பி, வழியெல்லாம் பம்புசெட்டுக்குக் கொடுத்துவிட்டு, கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி நம்மூருக்கு மிச்சம்தான் வருகிறது. ஸ்டேஷன் பக்கத்திலேயே வந்தால் அந்தத் தொலைவு குறையும்.

ஒரு நாள் சாயங்காலம் 7 மணிக்கு மோட்டார் ரூமில் நின்று பார்த்தேன். தண்ணி திறந்துவிடுகிற சித்தப்பா பச்சை பட்டனை அமுக்குகிறார், ஸ்டார்ட்டர் டப்பென்று விழுகிறது, மறுபடி அமுக்குகிறார், மறுபடி விழுகிறது. 415 வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர் முள் 320-ஐத் தாண்டவில்லை. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், சூடேறி உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், அதான் காயில், கருகிவிடும். இந்த வருஷம் இரண்டு தடவை அப்படிப் போய், போர்வெல்லிலிருந்து குழாய் குழாயாகக் கழற்றித் தூக்கி, காயில் கட்ட வள்ளியூருக்குக் கொண்டுபோய்த் திரும்ப இறக்க ஒவ்வொரு தடவையும் 4 நாள். எழுபது வயது ஆச்சிமார் இடுப்பில் குடத்தோடு வயக்காட்டுக் கிணறு வரை நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு விளங்கும். சுகாதார நிலையத்திலும் இதே பாடுதான். பிள்ளைகளுக்குப் போடுகிற தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும், கரண்ட் நெடுநேரம் போனால் நர்ஸம்மா பெட்டியைத் திறக்கவே விடுவதில்லை.

சரி, கேட்க வேண்டியது. தொட்டி மோட்டார் இப்போது வயல் பம்புசெட் லைனில் இருக்கிறது, மும்முனைக் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். ஸ்டேஷன் வந்தாலும் அதே லைனில் கிடந்தால் பெரிய பிரயோஜனம் இல்லை, வீடுகளுக்கு வருகிற ஊர் லைனுக்கு மாற்றித் தரச் சொல்லணும். டிரான்ஸ்பார்மர் பத்து டன்னுக்கு மேல் இருக்கும், டிரெய்லர் வருகிற மேலத்தெரு ரோட்டில் குடிநீர்க் குழாய் ஒரு முழ ஆழம்கூட இல்லை, உடைந்தால் யார் சரிசெய்வது என்பதும் எழுத்தில் வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை ஓடைதான். ஸ்டேஷன் கட்ட மண் அடித்து மேடாக்குவார்கள், குளத்துக்கு வருகிற ஓடை அந்த இடத்தின் தென்மூலையில் போகிறது. இரண்டு வருஷமாக மழை குறைவு, முள் மண்டிக் கிடக்கிறது, வெளியாள் பார்த்தால் ஓடை என்றே தெரியாது. குழாய்ப்பாலம் போடாமல் மூடிவிட்டால் ஐப்பசியில் தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குள் புகும், குளமும் பெருகாது.

மனு எழுதி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தம் சொல்லுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அதை எழுந்து நின்று படிக்க ஆள் வேண்டும், அந்தச் சமயம் லீவில் ஊருக்குப் போகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். ஓடையைப் போட்டோ எடுத்திருக்கிறேன், முள்ளுக்குள்ளே அளவுக்கல் தெரிகிறது. அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.